இவோன் கிளார்க்: பொறியாளர் ஒருவர் வகுப்பறைக்கு வந்த கதை (கேள்வி பதில்)

அமெரிக்கக் கறுப்பினப் பெண் பொறியாளர்களைப் பற்றிப் பல வருடங்களாகத் தேடிப் படித்து வருகிறேன். அவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் இவோன் கிளார்க். நீங்கள் கேட்டவற்றுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: நல்ல வேலையில் இருந்த பொறியாளர் ஏன் ஆசிரியர் ஆனார்?

கல்யாணம்தான் காரணம். பிலடெல்பியாவில் ராணுவ ஆயுதச் சாலையிலும், பிறகு நியூ ஜெர்சியில் ரேடியோ, தொலைக்காட்சி தயாரித்த ஆர்.சி.ஏ. நிறுவனத்திலும் வேலை பார்த்தவர் அவர். 1955-இல் திருமணம். கணவர் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் மெஹாரி மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பித்தார். இனப் பாகுபாடு சட்டமாகவே இருந்த தென் மாநிலம் அது. அங்கே ஒரு கறுப்பினப் பெண்ணைப் பொறியாளராக எந்தக் கம்பெனி எடுக்கும்? 1956-இல் கறுப்பின மாணவர்களுக்கான டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் கற்பிக்கச் சேர்ந்தார். கனவு கண்டு போன வேலை இல்லைதான். ஆனால் போன பிறகு அந்த இடத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்டார்.

கேள்வி: பொறியியலுக்குள் கொண்டுவரும் முயற்சி "பெண்களுக்கு" என்றால் போதாதா? கறுப்பினப் பெண்களுக்கு என்று தனி முயற்சி எதற்கு?

இதற்கு அவர் வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது. சிறு வயதில் வீட்டில் பழுதான டோஸ்டரைச் சரிசெய்தவர். உயர்நிலைப் பள்ளியில் இயந்திர வரைபட வகுப்பில் சேரப் போனார், பெண் என்பதால் சேர்க்கவில்லை. பிறகு கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் பல்கலைக்கழகம் முழு உதவித்தொகையோடு இடம் கொடுத்தது. கறுப்பினத்தவர் என்று தெரிந்ததும் அந்த இடம் போய்விட்டது. வழக்கு வரக்கூடாது என்று, வாஷிங்டனில் கறுப்பின மாணவர்களுக்கான ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் படிக்க ஆகும் கூடுதல் செலவைக் கென்டக்கி மாநிலமே ஏற்றது. 1951-இல் அங்கே இயந்திரவியல் பட்டம் பெற்ற முதல் பெண் ஆனார்.

பாருங்கள், ஒரு கதவு பெண் என்பதற்காகச் சாத்தப்பட்டது, இன்னொன்று நிறத்துக்காக. ஒன்றை மட்டும் திறந்துவிட்டால் அவரைப் போன்ற பெண் வெளியேதான் நிற்பாள். பெண் பொறியாளர்கள் சங்கத்தின் மாநாடு 1957-இல் ஹூஸ்டனில் நடந்தபோது, அவர் பிறந்த ஊரான அங்கேயே ஹோட்டலில் அவருக்கு அறை தரவில்லை. பெண்களுக்கான சங்கம் மட்டும் போதாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

கேள்வி: வகுப்பில் பெரிதாக என்ன செய்துவிட முடியும்?

துறைத் தலைவராக இரண்டு முறை இருந்தார். மாணவிகளைச் சேர்ப்பதும், சேர்ந்தவர்கள் பாதியில் போகாமல் பார்த்துக்கொள்வதும் தன் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டார். கோடை விடுமுறையில் நாசாவுக்குப் போய், நிலாவுக்கு மனிதர்களை அனுப்பிய சாட்டர்ன் ஐந்து ராக்கெட் எஞ்சின்களில் ஏற்படும் அதிக வெப்பத்தை ஆராய்ந்தார். நிலாவிலிருந்து மாதிரிகளைக் கொண்டுவரும் பெட்டியின் வடிவமைப்பிலும் பங்கு உண்டு. என் பார்வையில் இதுதான் முக்கியம். "உன்னால் முடியும்" என்று நூறு முறை சொல்வதைவிட, தன்னைப் போன்ற ஒருவர் அந்த வேலையைச் செய்துவிட்டு வந்து பாடம் நடத்துவது ஒரு பெண்ணுக்குப் பெரிய விஷயம்.

கேள்வி: நாசாவின் மேரி ஜாக்சனும் இப்படித்தானா?

அவர் பாதை தலைகீழ். முதலில் பள்ளி ஆசிரியை. 1958-இல் நாசாவின் முதல் கறுப்பினப் பெண் பொறியாளர். பொறியாளர் ஆவதற்கான வகுப்புகள் வெள்ளையர் பள்ளியில் நடந்ததால், உட்காரவே நகர நிர்வாகத்திடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. ஹாம்ப்டனில் சமூக நலக்கூடத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு சிறிய காற்றுச் சுரங்கம் (விமான வடிவங்களைக் காற்றோட்டத்தில் வைத்துச் சோதிக்கும் அமைப்பு) கட்டினார். 1979-இல் பதவி இறக்கத்தை ஏற்றுக்கொண்டு, பெண்களின் வேலை வாய்ப்பையும் பதவி உயர்வையும் கவனிக்கும் பொறுப்புக்கு மாறினார்.

கேள்வி: இன்று யாராவது?

மின் பொறியாளர் கிம்பர்லி பிரையண்ட். மகள் போன கணினி முகாமில் கறுப்பினப் பெண் அவள் ஒருத்திதான். அதைப் பார்த்து 2011-இல் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் கறுப்பினச் சிறுமிகளுக்குக் கணினி நிரல் எழுதக் கற்றுத்தரும் 'பிளாக் கேர்ள்ஸ் கோட்' அமைப்பைத் தொடங்கினார்.

கேள்வி: கிளார்க் கடைசிவரை டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்திலேயேதான் இருந்தாரா?

ஆமாம், 55 வருடம். எந்தச் சங்கத்தின் மாநாட்டுக்குப் போனபோது அவருக்கு ஹோட்டல் அறை மறுக்கப்பட்டதோ, அதே பெண் பொறியாளர்கள் சங்கம் 1998-இல் அவருக்குச் சிறந்த கல்வியாளர் விருது கொடுத்தது. 2011-இல் ஓய்வு பெற்றார். 2019 ஜனவரியில் நாஷ்வில்லில் காலமானார்.