சின்ன பிசினஸ், சோசியல் மீடியா, நெட்வொர்க்கிங்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கோயமுத்தூர் பக்கம் சின்னக் கம்பெனிகளுக்கு ஆன்லைன் வேலை பாத்துக் குடுக்கறேன். புதுசா தொழில் ஆரம்பிச்சவங்க என்ன வேணா கேளுங்க. ஜிஎஸ்டி, லோன் பத்தி மட்டும் உங்க ஆடிட்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

கே: அண்ணா, பொள்ளாச்சில மரச்செக்கு எண்ணெய் போடறேன். இன்ஸ்டால ஃபாலோயர்ஸ் 11 ஆயிரம், ஆர்டர் மட்டும் வாரத்துக்கு நாலோ அஞ்சோதான். எங்க தப்பு?

பதில்: ரீல் பாக்கறது பையன், எண்ணெய் வாங்கறது அவங்கம்மா. அந்தம்மா உங்க ஃபாலோயரே கிடையாது. அதனால ஃபாலோயர் கணக்க விட்டுட்டு, ஒருதடவ வாங்குனவங்க தீந்ததும் உங்களையே கேக்கறாங்களான்னு பாருங்க. அதுக்கு வாட்ஸாப் பிசினஸ் போதும். ஆர்டர் அனுப்புனதும் அந்த சாட்டுக்கு ஒரு லேபிள் போடுங்க, "கடலை 2 லிட்டர், ஐப்பசி முதல் வாரம்" இப்படி. ஒரு வீட்டுக்கு 2 லிட்டர் எத்தனை நாள் வரும்னு உங்களுக்குத் தெரியாததா, தீர்றதுக்கு நாலு நாள் முன்னாடி கேட்டுப் பாருங்க, பாதிப்பேர் சரின்னுருவாங்க. ஒரே மெசேஜ நெறைய பேருக்கு அனுப்பற பிராட்காஸ்ட் லிஸ்ட்ல 256 பேர் வரைக்கும் போடலாம், ஆனா உங்க நம்பர சேவ் பண்ணி வச்சிருக்கறவங்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும், நெறைய பேருக்கு இது தெரியாம யாருமே பதில் போடலன்னு பொலம்புவாங்க. பார்சல்லயே ஒரு கார்டு வச்சு நம்பர சேவ் பண்ணச் சொல்லுங்க. தெனம் குட் மார்னிங் அனுப்பாதீங்க, நாலு பேர் ரிப்போர்ட் அடிச்சா கடை நம்பரையே வாட்ஸாப் முடக்கிரலாம். அப்பறம், பேஜோட அட்மின் யாரு? ரீல் எடுத்துக் குடுக்கற பையனோட ஜிமெயில்ல இருந்தா இன்னைக்கே உங்க பேருக்கு மாத்துங்க.

கே: எத்தன மணிக்கு போஸ்ட் போட்டா ரீச் வரும்?

பதில்: அக்கவுன்ட்ட ப்ரொஃபஷனலா மாத்துனீங்கன்னா இன்சைட்ஸ்ல உங்க ஆளுங்க எப்ப ஆன்லைன்ல இருக்காங்கன்னு அதுவே காட்டும். எல்லாருக்கும் ஒரே நேரம்னு ஒன்னும் கிடையாது.

கே: ஹேஷ்டேக் நெறைய போடலாமா?

பதில்: ஹேஷ்டேக்கால ரீச் பெருசா கூடாதுன்னு இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரியே பலதடவ சொல்லிட்டாரு. ஒருத்தர் பாத்துட்டு இன்னொருத்தருக்கு அனுப்பற மாதிரி இருக்கான்னு யோசிங்க, அதுக்குத்தான் மதிப்பு ஜாஸ்தி.

கே: சார், திருப்பூர்ல சின்ன கார்மென்ட் யூனிட். ஐரோப்பா பையர்ஸுக்கு லிங்க்ட்இன்ல ரிக்வெஸ்ட் அனுப்பறேன், ஒருத்தரும் கண்டுக்கறதில்ல.

பதில்: "நாங்கள் முன்னணி உற்பத்தியாளர்"னு எழுதிருப்பீங்க, திருப்பூர்ல எல்லாரும் அதத்தான் எழுதறாங்க. ஃப்ரீ அக்கவுன்ட்ல ரிக்வெஸ்ட்டோட போற நோட்டுக்கு 200 எழுத்துதான். அதுல சரக்கப் பத்திப் பேசுங்க: 180 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி, கலருக்கு 300 பீஸ்னாலும் எடுப்போம், ஆர்கானிக் துணிக்கான ஜிஓடிஎஸ் சர்டிஃபிகேட் இருக்கு. இவ்ளோதான். கம்பெனி முதலாளிக்கு அனுப்பறத விட அங்க சரக்கு வாங்கற வேலை (சோர்சிங், மெர்ச்சண்டைசிங்) பாக்கற ஆளத் தேடுங்க. சர்டிஃபிகேட் இல்லாம இருக்குன்னு எழுதிறாதீங்க, நம்பர் கேட்டு வாங்கி சரிபாத்துருவாங்க.

கே: காலைல 5 மணிக்கு எந்திரிச்சு பொமடோரோ பண்ணாதான் முன்னேற முடியுமா?

பதில்: பொமடோரோவ 1980கள்ல பிரான்செஸ்கோ சிரில்லோ காலேஜ்ல படிக்கறப்ப படிப்புக்காகக் கண்டுபுடிச்சாரு, 25 நிமிஷம் ஒரே வேலை. நீங்க பேக்கிங் டேபிள்ல நிக்கறீங்க, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு போன் வருது, அது எப்படி ஒத்துவரும். கூரியர்காரர் வர்றதுக்கு முந்துன ஒரு மணி நேரம் இன்ஸ்டாவத் தொடாம இருங்க. தூக்கத்தக் கெடுத்துக்காதீங்க.

கே: வாரம் ஒருநாள் காலைல கூடி ஒருத்தருக்கொருத்தர் கஸ்டமர அனுப்பிவிடற ரெஃபரல் குரூப்ல சேரச் சொல்றாங்க, ஃபீஸ் அதிகமா இருக்கு. சேரலாமா?

பதில்: ஆடிட்டர், இன்டீரியர், கேட்டரிங் மாதிரி உள்ளூர்லயே கஸ்டமர் இருக்கறவங்களுக்கு சரி. உங்களுக்கு வெளியூர்ல விக்கணும்னா வேண்டாம்.

(ஈரோடு, இன்டீரியர்): அண்ணா இதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். குரூப்ல ஒரு தொழிலுக்கு ஒரே ஆள்தான், வாராவாரம் மூஞ்சியப் பாக்கறோம், அதுலதான் நம்பிக்கையே வருது. சும்மா லைக் போடறவன் ஆர்டர் தருவானா?

பதில்: உங்களுக்கு சரின்னுதான் நானும் சொன்னேன். ஆனா வாராவாரம் பாக்கற நாப்பது பேருக்கும் தெரிஞ்சவங்க பெரும்பாலும் அதே வட்டம்தான். மார்க் கிரனோவெட்டர்னு ஒரு சமூகவியலாளர் 1973லயே எழுதிட்டாரு, தெரிஞ்சவங்க மூலமா வேலை கிடைச்சவங்கள்ல முக்காவாசிக்கு மேல எப்பவாச்சும் பாக்கற ஆளாலதான் கிடைச்சுது.

(சென்னை, சாஃப்ட்வேர்): சார், அது வேலை தேடறவங்கள வச்சு சொன்னது, வியாபாரத்துக்கு எப்படி? 2022ல லிங்க்ட்இன்லயே 2 கோடி பேர வச்சு பாத்தாங்களே, ரொம்ப தூரத்து ஆளு அவ்வளவா உதவலன்னுதான வந்துச்சு.

பதில்: கரெக்ட்டு, நல்ல பாயிண்ட்டு. அதுலயும் வேலைக்கான தொடர்புதான் பாத்தாங்க, ஓரளவு பழக்கம் உள்ளவங்கதான் அதிகமா உதவுனாங்க, முன்பின் தெரியாதவன் இல்ல. அதனாலதான் பழைய காலேஜ் சீனியர், முன்னாடி வேலை பாத்த கம்பெனி ஆளு, சப்ளையரோட அக்கவுன்டன்ட், இவங்ககிட்ட வருஷத்துக்கு ரெண்டு தடவ பேசுங்கன்னு சொல்றேன், ஒன்னும் கேக்காம.

(ஈரோடு, இன்டீரியர்): ஒன்னும் கேக்காம போன் பண்ணா கடன் கேக்கறதுக்குன்னு நெனப்பாங்க அண்ணா.

பதில்: அப்ப அவங்களுக்கு ஒரு ஆர்டர் அனுப்பிவிட்டுட்டு பேசுங்க, சந்தேகம் தீரும். ஃபீஸ் கட்டி ஒரு வருஷத்துல வந்த பில் எவ்வளவுன்னு கணக்கு போட்டீங்களா, அத மொதல்ல சொல்லுங்க.

கே: அண்ணா பெஸ்ட் போஸ்டிங் டைம்?

பதில்: மேல பாருங்க.

கே: சண்டே போஸ்ட் போடலாமா, எந்த நேரம்?

பதில்: யப்பா. மேல பாருங்கப்பா.

கே: அவசரம் அண்ணா. "உங்க பேஜ்ல காப்பிரைட் புகார், 24 மணி நேரத்துல மூடிருவோம்"னு மெசேஜ் வந்துச்சு, லிங்க் அமுக்கி பாஸ்வேர்டு போட்டுட்டேன், இப்ப ஓடிபி கேக்குது.

பதில்: ஓடிபி போடாதீங்க! இன்ஸ்டா ஆப்புக்குள்ள போயி பாஸ்வேர்ட மாத்துங்க, எந்தெந்த போன்ல லாகின் ஆயிருக்குன்னு பாத்து தெரியாதத எல்லாம் வெளிய தள்ளுங்க, அப்பறம் பாஸ்வேர்டோட ஒரு கோடும் கேக்கற டூ ஃபேக்டர் ஆன் பண்ணுங்க. அதே பாஸ்வேர்டு ஜிமெயிலுக்கும் இருந்தா அதையும் இப்பவே மாத்துங்க. பணம் எதாச்சும் போயிருந்தா சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு போன் அடிங்க. பேஜுக்கு வேற அட்மின் யாராச்சும் இருக்காங்களா? இருந்தா அவருக்கும் இப்பவே சொல்லுங்க, அடுத்து அவருக்குத்தான் இதே மெசேஜ் வரும். முடிச்சுட்டு எழுதுங்க, லைன்லதான் இருக்கேன்.