விசாரணைக்கு முன்பே சாட்சியம் திரட்டுவது எப்படி? கேள்வி பதில்

சேலம், ஏற்காடு வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு, அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் உரிமையியல் வழக்குகள் நடத்திவரும் வழக்கறிஞர் பதில் தருகிறார்.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்: வக்கீலம்மா, கொலுசுப் பட்டறையைக் கூட்டாக நடத்தினோம். கணக்குக் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறேன். புத்தகங்கள் எல்லாம் பங்காளி கையில். அவர் கூண்டில் ஏறும்வரை காத்திருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. அப்படிக் காத்திருந்துதான் பலர் வழக்கைக் கெடுத்துக்கொள்கிறார்கள். 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 11 உங்களுக்காகவே இருக்கிறது. நம் பக்கத்தில் அதைத் தொடுகிறவர்கள் மிகக் குறைவு என்பது என் நீண்டநாள் வருத்தம்.

முதலில், நீதிமன்ற அனுமதி பெற்று எதிராளிக்கு எழுத்தில் கேள்விகள் அனுப்புங்கள். அவர் பத்து நாளுக்குள், அல்லது நீதிமன்றம் தரும் கெடுவுக்குள், பிரமாணப் பத்திரமாகப் பதில் தர வேண்டும். "மோசடி செய்தீர்களா?" என்று கேட்டால் "இல்லை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். "இந்த ஆண்டு பட்டறைக்கு இறக்கிய கட்டி வெள்ளி எத்தனை கிலோ? ஆசாரிகளுக்கு எடைபோட்டுக் கொடுத்தது எந்தப் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது? சேதாரம் எவ்வளவு கழித்தீர்கள்? அந்தப் புத்தகம் இப்போது யாரிடம்?" என்று கேளுங்கள். எடைக்கு எடை பதில் சொல்லியாக வேண்டும்.

அடுத்து, தம்மிடம் உள்ள ஆவணங்களை அவர் பிரமாணப் பத்திரத்தில் பட்டியலிட மனுப் போடலாம். வழக்குக்குப் பதிலாகத் தாக்கல் செய்த தம் எதிருரையில் அவரே குறிப்பிட்ட ஆவணத்தைப் பார்வையிட அறிவிப்பு கொடுக்கலாம். தக்க காரணமின்றிக் காட்ட மறுத்தால், பிறகு அதைத் தமக்குச் சாட்சியமாக அவர் பயன்படுத்த முடியாது. நீதிமன்ற ஆணையையே மீறினால் விதி 21 வருகிறது: வாதியானால் வழக்குத் தள்ளுபடி ஆகலாம், பிரதிவாதியானால் அவருடைய எதிர்வாதமே நீக்கப்படலாம்.

வங்கிக் கணக்குக்குப் பங்காளியை நம்ப வேண்டாம். 1891ஆம் ஆண்டு வங்கியர் புத்தகச் சாட்சியச் சட்டப்படி வங்கி தரும் சான்றிட்ட நகல் போதும். எல்லாவற்றையும் தேதியிட்டு எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டது கோப்பில் இருக்காது.

அழகாபுரம் வாசகர்: அமெரிக்காவில் இருக்கும் என் மகன், அங்கே விசாரணைக்கு முன்பே எதிர்த்தரப்புச் சாட்சியை வக்கீல் அலுவலகத்தில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள் என்கிறான். இங்கே முடியுமா?

முடியாது. அது அவர்களுடைய கூட்டாட்சி உரிமையியல் விதிகளில் 1938 முதல் இருக்கும் முறை. ஒரு சாட்சிக்கு ஒரு நாள், ஏழு மணி நேரம் என்று வரம்பும் வைத்திருக்கிறார்கள். இங்கே குறுக்கு விசாரணைக்கு உரிய காலம் வந்தால்தான் வாய்ப்பு. ஆனால் சாட்சி நோயாளி, அல்லது ஊரைவிட்டுப் போகப்போகிறவர் என்றால், நீதிமன்றம் அமர்த்தும் ஆணையர் மூலமோ நீதிமன்றத்திலோ முன்கூட்டியே பதிவுசெய்ய மனுப் போடலாம். கிரயப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் மூப்பில் தளர்ந்து கிடந்தால் ஒரு வாய்தாகூடக் காத்திருக்காதீர்கள்.

ஏற்காடு வாசகர்: பக்கத்துத் தோட்டக்காரர் எங்கள் காப்பித் தோட்டத்தில் நுழைகிறார். அவர் நுழையாமல் தடுக்க உறுத்துக்கட்டளை வழக்கு. அனுபவம் (நிலம் கைவசம் இருப்பது) எங்களுடையது என்று நிரூபிக்க வக்கீல் ஆணையரை அனுப்பலாமா?

அனுபவத்தை நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. அதற்காக ஆணையரை அனுப்பினால் நீதிமன்றமே உங்களுக்குச் சாட்சியம் திரட்டித் தருவதாகிவிடும். கிராமக் கணக்கான அடங்கல், தீர்வை ரசீது, காப்பி வாரியப் பதிவு, மிளகு விற்ற சீட்டு, கூலிப் பதிவேடு ஆகியவற்றைத் தாக்கல் செய்யுங்கள்.

வாழப்பாடி வாசகர்: தவறு அம்மா. எங்கள் வழக்கில் ஆணையர் அறிக்கையால்தான் ஜெயித்தோம்.

உங்கள் வழக்கு எல்லைத் தகராறாக இருந்திருக்கும். கட்டளை 26 விதி 9, தகராறைத் தெளிவுபடுத்த இடத்தைப் பார்வையிட அனுமதிக்கிறது. கல் எங்கே, வேலி எங்கே என்பது கண்ணால் பார்க்க வேண்டியது. சர்வேயரோடு, புல வரைபடத்தை வைத்து அளப்பது அங்கே இன்றியமையாதது.

வாழப்பாடி வாசகர்: அனுபவ வழக்குதான். கம்பி வேலியைப் பார்த்து எழுதினார்.

வேலி இருக்கிறது என்று எழுதலாம், ஐயா. வேலிக்குள் இருப்பவர் யார் என்று எழுதக் கூடாது. இந்த வேறுபாட்டைத்தான் சொல்கிறேன். சேர்வராயன் மலையில் ஆணையராக நான் போன ஒரு தோட்டத்தில், உண்ணிச்செடியை விலக்கினால் பழைய எல்லைக்கல் பாசி படர்ந்து நின்றது. அதற்கு இப்பால் போட்ட வேலியில், கம்பத்தடி மண் இன்னும் கெட்டிப்படவில்லை. சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக்கொடியை அறுத்துக்கொண்டு கம்பி போயிருந்தது. இவ்வளவையும் எழுதினேன், வேலி போட்டது யார் என்று எழுதவில்லை. அறிக்கை சாட்சியம்தான், தீர்ப்பல்ல. ஆணையரையே கூண்டில் ஏற்றிக் கேட்கவும் முடியும்.

ஏற்காடு வாசகர்: அப்படியானால் புது வேலியைப் பதிவுசெய்ய நானும் ஆணையரைக் கேட்கலாமே?

கேட்கலாம், அந்த அளவுக்கு மட்டும். மனுவில் "அனுபவத்தைக் கண்டறிய" என்ற சொற்கள் வரவே கூடாது. வேலி, கம்பம், வெட்டிய கொடி, எல்லைக்கல் என்று இனம்பிரித்து எழுதுங்கள். மழைக்கு முன் போடுங்கள். மண் இறுகிவிட்டால் பார்ப்பதற்கு எதுவும் இருக்காது. அறிக்கை வந்ததும் ஆட்சேபணை இருந்தால் உடனே, எழுத்தில்.

ஆத்தூர் வாசகர்: வாட்ஸ்அப் செய்திகளை அச்செடுத்துக் கொடுத்தால் போதுமா?

போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63இன்படி சான்றிதழ் வேண்டும். முதல் பகுதி உங்களுடையது, இரண்டாம் பகுதி நிபுணருடையது. கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பும் அதில் இருக்க வேண்டும். போனை மாற்றாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள்.

மேட்டூர் வாசகர்: வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் செல்லுமா?

மேலே சொன்னதேதான்.

தாரமங்கலம் வாசகர்: குரல் பதிவு? அதற்கும் சான்றிதழா?

அதற்கும்தான். மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்: போனைப் பத்திரமாக வையுங்கள்.

ஓமலூர் வாசகர்: செக் திரும்பிவிட்டது. என்ன செய்வது?

அது குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போகும் விஷயம். திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். இன்றே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

சங்ககிரி வாசகர்: எதிராளி தன் எதிருரையிலேயே கடன் வாங்கியதை ஒப்புக்கொண்டிருக்கிறார். பிறகும் விசாரணை எதற்கு?

நல்ல கேள்வி. கட்டளை 12 விதி 6இன்படி, ஒப்புக்கொண்ட அளவுக்குத் தீர்ப்புக் கேட்டு இப்போதே மனுப் போடலாம். ஒப்புதல் தெளிவாகவும் நிபந்தனையற்றும் இருக்க வேண்டும். "வாங்கினேன், திருப்பிக் கொடுத்துவிட்டேன்" என்று எழுதியிருந்தால் இது உதவாது. ஆனால் கொடுத்ததை நிரூபிக்கும் பொறுப்பு அவருடையதாகிவிடும். எதிருரையின் அந்தப் பத்தியை வரி விடாமல் படித்துவிட்டு உங்கள் வழக்கறிஞரிடம் போங்கள்.