கூட்டமில்லாத ஒரு சின்ன அருங்காட்சியகம்: சாத்தியோன்

கேள்வி: லூவ்ர் மாதிரி பெரிய இடங்கள் அலுத்துவிட்டன. ஐரோப்பாவில் நீங்கள் பார்த்த சின்ன ஊர் அருங்காட்சியகம் ஒன்றைச் சொல்லுங்களேன்?

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் சாத்தியோன்-சூர்-சேன் என்று ஒரு ஊர். பாரிசில் பார்க்கிற அதே சேன் நதிதான், இங்கே வாய்க்கால் அகலத்தில் ஓடுகிறது. ஊரின் பழைய மடாலயம் ஒன்றில் 2009 முதல் அருங்காட்சியகம் இருக்கிறது. நான் போன அன்று என்னைச் சேர்த்து ஆறு பேர்.

போவதே ஒரு பாத்திரத்தைப் பார்க்கத்தான். வெண்கலம், 1.64 மீட்டர் உயரம், 208 கிலோ, 1,100 லிட்டர் பிடிக்கும். கல்யாண அண்டாவெல்லாம் இதன் பக்கத்தில் சொம்பு. கிரேக்கர்கள் திராட்சை மதுவில் தண்ணீர் கலக்கும் ஜாடி இது, மூடியே வடிகட்டி. தென் இத்தாலியில் செய்தது என்கிறார்கள். கழுத்தைச் சுற்றிப் போர்வீரர்களும் தேர்களும். ஒவ்வோர் உருவத்தையும் தனியே வார்த்து, எது எங்கே பொருந்தும் என்று கிரேக்க எழுத்தில் அடையாளம் போட்டிருக்கிறார்கள். பிரித்துக் கொண்டுவந்து இங்கே பூட்டினார்களோ என்னவோ! இவ்வளவு பெரிய பாத்திரத்தின் தகடு சுமார் ஒரு மில்லிமீட்டர் கனம்தான். அந்தக் காலத்துக் கன்னார் வேலையை என்ன சொல்ல!

இது கிடைத்தது பக்கத்திலுள்ள விக்ஸ் கிராமத்தில், 1953 சனவரியில். தொல்லியலாளர் ரெனே ஜோஃப்ருவா தலைமையில் தோண்டிய, கி.மு. 500 வாக்கில் புதைக்கப்பட்ட ஒரு கெல்டிய (ரோமானியருக்கு முன் இங்கே வாழ்ந்த மக்கள்) சீமாட்டியின் கல்லறை. சக்கரங்களைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்த வண்டியில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். அவளுடைய தங்க நகை 480 கிராம். நம் கணக்கில் 60 சவரன். முதலில் தலையில் சூடுவது என்று நினைத்தார்கள், அப்புறம்தான் கழுத்தணி என்று தெரிந்தது. அதன் முனைகளில் இறக்கை வைத்த குட்டிக் குதிரைகள் இருக்கின்றன, குனிந்து பாருங்கள்.

ரோமானியர் காலப் பகுதியைப் பலர் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதுவும் பிடித்தது. இந்த வட்டாரத்து எஸ்ஸருவா ஊர்க் கோயிலில் நோய் தீர வேண்டிக் காணிக்கை வைத்த உறுப்பு வடிவங்கள் இருக்கின்றன, நம் கண்மலர் போலவே. வெர்தோ என்ற ஊரில் கிடைத்த கல்லில் மூன்று தாய்த் தெய்வங்கள்: ஒருத்தி மடியில் குழந்தை, இன்னொருத்தி கையில் விரித்த துணி, மூன்றாமவளிடம் கடற்பஞ்சும் கிண்ணமும். குழந்தையைக் குளிப்பாட்டித் துடைக்கிற வேலை!

மோன்பார் என்ற ஊர் வரை ரயில், அங்கிருந்து பேருந்து. திரும்பும் பேருந்து நேரத்தை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். நான் குறிக்காமல் போய், பாறையடியிலிருந்து நீர் பொங்கிவரும், சாத்தியோன் ஊரிலேயே உள்ள தூயி ஊற்றின் கரையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சரி, அதுவும் பார்க்க வேண்டிய இடம்தான்.