கிராக்கூவ் மரியன்னை பேராலயம்: எப்போது செல்வது, எதைப் பார்ப்பது?

கேள்வி: போலந்தின் கிராக்கூவ் நகரில் ஒரு பகல் மட்டுமே தங்குகிறோம். அங்குள்ள மரியன்னை பேராலயத்துக்கு எந்த நேரத்தில் செல்வது நல்லது? இடைக்காலத்து கோதிக், அதற்குப் பின்வந்த அலங்காரம் மிகுந்த பரோக் ஆகிய இரு கலைப் பாணிகளும் அதில் கலந்திருப்பதாகச் சொல்கிறார்கள். அவற்றை எப்படி அடையாளம் காண்பது?

பதில்: ஞாயிறு அல்லாத நாளாகப் பார்த்து, முற்பகல் 11.30 மணியளவில் உள்ளே சென்றுவிடுங்கள். ஃபைட் ஷ்டோஸ் என்ற சிற்பி 1477 முதல் 1489 வரை உழைத்து உருவாக்கிய தலைமைப் பீடத்தின் மரக்கதவுகள் 11.50 மணிக்குத்தான் திறக்கப்படுகின்றன. சற்று முன்னதாகச் சென்றால், மூடிய கதவுகளின் வெளிப்புறத்தில் உள்ள 12 புடைப்புச் சிற்பங்களையும் நிதானமாகப் பார்க்கலாம். திறந்ததும், உயிர் பிரியும் தறுவாயில் மரியன்னை துவண்டு சாய்வதும், திருத்தூதர்கள் சூழ்ந்து நிற்பதுமான காட்சி பொன் ஒளியுடன் வெளிப்படும். ஆளைவிடப் பெரிய அவ்வுருவங்களின் கைகளைக் கவனியுங்கள். புடைத்த நரம்பும் முதுமைச் சுருக்கமும் மரத்தில் செதுக்கியவை என்றே தோன்றாது.

பீடமும், செங்கல் சுவர்களும், உயர்ந்து குவியும் வளைவுகளும் கோதிக். தூண்களை ஒட்டிய கரும்பளிங்குப் பக்கப் பீடங்களும், மேற்கு வாயிலின் முன்மண்டபமும் பின்னாளில் சேர்ந்த பரோக் வேலைகள். ஆனால் விண்மீன்கள் மின்னும் நீலக் கூரையைக் கண்டு இடைக்காலத்தது என்று எண்ணிவிடாதீர்கள். சுவரோவியங்களோடு அதுவும் போலந்து ஓவியர் யான் மாத்தேய்கோவின் திட்டப்படி 1889-91இல் தீட்டப்பட்டது. இரு பாணிகளும் ஒன்றையொன்று தொடும் இடம் தென்புறப் பக்கப்பகுதி. அதே ஷ்டோஸ் கல்லில் வடித்த பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் அறையுண்ட இயேசுவின் உருவம்) அங்கே ஒரு பரோக் பீடத்துக்குள் இருக்கிறது. பின்னணியில் ஜெருசலேம் நகரைப் பொறித்த வெள்ளித் தகடு. பெரும்பாலோர் இதை நின்று பார்ப்பதே இல்லை என்பது என் வருத்தம்.

முன்வாயில் செபிக்க வருவோருக்கு உரியது. பார்வையாளர்கள் சீட்டு வாங்கிக்கொண்டு தெற்குப் பக்கவாயில் வழியாகவே செல்ல வேண்டும். தோளும் முழங்காலும் மறையும் உடை போதும். வேளாங்கண்ணியின் பழக்கத்தில் செருப்பைக் கழற்றத் தேவையில்லை. ஞாயிறன்று திருப்பலிகள் இருப்பதால் பிற்பகலில்தான் சுற்றிப் பார்க்க முடியும். உயரமான கோபுரத்திலிருந்து மணிக்கொருமுறை நாற்றிசைக்கும் ஊதப்படும் எக்காளத்தை, வெளியே வந்த பின் சதுக்கத்தில் நின்றே கேட்கலாம். பாதியில் சட்டென அறுந்து நிற்பதுதான் அந்த இசையின் மரபு.