ஒரே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி ஒருவருக்கு வெறும் தொண்டைவலி, இன்னொருவருக்கு உயிராபத்து. ஏன்?

பண்ருட்டிச் சாலையோரத்துப் பலாக் குவியலைப் பாருங்கள். வெளியே எல்லாம் ஒரே முள்தோல். அரிந்தால் ஒன்று தேன், இன்னொன்று சப்பென்று இருக்கும். ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸும் அப்படித்தான். நுண்ணோக்கியில் எல்லாமே மணிமாலை. ஆனால் 200-க்கும் மேற்பட்ட ரகங்கள் உண்டு.

ரகத்தைப் பிரித்துக் காட்டுவது, அதன்மேல் பூனைமயிர் போல நீட்டிக்கொண்டிருக்கும் ‘எம்’ (M) என்ற புரதம். நம் வெள்ளை அணுக்கள் கிருமியை விழுங்கவிடாமல் தடுப்பதும் அதுதான். அப்புறம், சில ரகங்களுக்குள் ஒரு வைரஸ் புகுந்து, நஞ்சு செய்யும் மரபணுவைச் சேர்த்துவிடும். அந்த ரகங்கள்தான் பெரும்பாலும் ஸ்கார்லெட் காய்ச்சலை, அதாவது உடம்பெல்லாம் செந்தடிப்போடு வரும் காய்ச்சலை, கொண்டுவருகின்றன. சரி, கிருமி மட்டுமா காரணம்? நோயாளியின் எதிர்ப்புச் சக்தியும்தான்.

இந்தக் கிருமித்தொற்று ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் ஒரு ரகத்துக்கு உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பு பெரும்பாலும் அடுத்த ரகத்தைத் தடுக்காது.