கேள்வி நேரம்: பிள்ளைக்காகக் கூடும் குழு

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறோம். 15 வயது மகன் சில மாதங்களாகப் பள்ளிக்குச் சரியாகப் போவதில்லை. கோபம் வந்தால் கையில் கிடைத்ததை உடைக்கிறான். பர்ஃபார்ம்கேர் (மாநில அரசுக்காகச் சிறுவர் மனநலச் சேவைகளை நிர்வகிக்கும் நிறுவனம்) மூலம் ஒரு கேர் மேனேஜர் (சேவைகளை ஒருங்கிணைப்பவர்) வந்திருக்கிறார். ‘குடும்பக் குழு கூட்டலாம், உங்கள் ஆட்களையும் அழையுங்கள்’ என்கிறார். வீட்டு விஷயம் நாலு பேருக்குத் தெரிய வேண்டுமா? டாக்டரும் கவுன்சலரும் போதாதா?

– ஒரு தாய், எடிசன்

பதில்: போதாது. டாக்டர் மாத்திரையைப் பார்க்கிறார், கவுன்சலர் வாரத்துக்கு ஒரு மணி நேரம் பேசுகிறார், பள்ளி வருகைப் பதிவேட்டைப் பார்க்கிறது. கவுன்சலர் ‘வற்புறுத்தாதீர்கள்’ என்பார். அதே வாரம் பள்ளியிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வரும். நடுவில் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். இவர்களை ஒரே மேசையில் உட்காரவைத்து, ஒரே திட்டம் எழுதவைப்பதுதான் ராப்அரவுண்ட் முறை. 2004-இல் வகுத்த அதன் 10 கோட்பாடுகளில் முதலாவது, குடும்பத்தின் சொல்லுக்கே முதலிடம்.

யார் வரலாம் என்பதை நீங்களும் மகனும் முடிவு செய்யுங்கள். உங்கள் கையெழுத்து வாங்கித்தான் தகவலைப் பகிர்வார்கள். முக்கியமான ஒரு விலக்கு: குழந்தை துன்புறுத்தப்படுவதாக நியாயமான சந்தேகம் வந்தால் புகார் செய்தாக வேண்டும். நியூஜெர்சியில் இந்தக் கடமை எல்லோருக்கும் உண்டு.

குழுவில் பாதிப் பேராவது சம்பளம் வாங்காதவர்களாக இருக்கட்டும். சித்தப்பா, தமிழ்ப் பள்ளி ஆசிரியை, கிரிக்கெட் கோச் என்று மகன் மதிக்கிற யாராவது. கேர் மேனேஜர் ஒருநாள் ஃபைலை மூடிவிட்டுப் போய்விடுவார், இவர்கள் இருப்பார்கள். ஊரெல்லாம் கூப்பிட வேண்டியதில்லை, வாய் காக்கிற இரண்டு பேர் போதும்.

முதல் கூட்டத்திலேயே நெருக்கடித் திட்டத்தை எழுதி வாங்குங்கள். கோபம் ஏறுவதற்கு முந்தைய அறிகுறி என்ன (பதில் சொல்லாமல் காலை ஆட்டுவது, கதவை அறைவது), அப்போது யார் பேசுவது, யார் விலகிப் போவது, தங்கையை யார் வெளியே அழைத்துப் போவது, எந்த நிலையில் பர்ஃபார்ம்கேரை அழைப்பது என எல்லாம் பெயரோடு இருக்க வேண்டும். அழைத்தால் நடமாடும் உதவிக் குழு ஒரு மணி நேரத்துக்குள் வீட்டுக்கே வரும், நள்ளிரவானாலும். உயிருக்கு ஆபத்து என்றால் யோசிக்காமல் 911.

கேள்வி: எங்கள் மகளுக்குக் கூட்டம் போட்டு மூன்று மாதமாகிவிட்டது. திட்டம் எட்டுப் பக்கம், பலன் பூஜ்யம். எங்கே தவறு?

– ஒரு தந்தை, பார்சிப்பனி

பதில்: ‘தேவை’ என்ற பகுதியைப் பாருங்கள். ‘தெரபி தேவை’, ‘மென்டர் தேவை’ என்றிருந்தால் தவறு அங்கேதான். அவை சேவைகள். தேவை என்பது அதற்கும் அடியில் இருப்பது: ‘வகுப்பில் தன்னைக் கேலி செய்ய மாட்டார்கள் என்ற நம்பிக்கை அவளுக்கு வேண்டும்.’ இப்படி எழுதினால்தான் தெரபியைத் தாண்டி, மதிய உணவை நூலகத்தில் சாப்பிட அனுமதிப்பது, தோழியோடு பஸ் ஏறுவது போன்ற வழிகள் தோன்றும்.

பன்னிரண்டு இலக்கு வேண்டாம், இரண்டு போதும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர், ஒரு தேதி. அளவு எண்ணக்கூடியதாக இருக்கட்டும்: வாரத்தில் ஐந்து காலையில் எத்தனை நாள் முதல் வகுப்புக்குள் போனாள்? இரண்டு மூன்று வாரமாகியும் எண்ணிக்கை நகரவில்லை என்றால் வழியை மாற்றச் சொல்லுங்கள். வழக்கமான 90 நாள் மறுஆய்வு வரை காத்திருக்க வேண்டாம், இடையில் கூட்டம் கேட்கலாம். மகள் இல்லாமல் எழுதிய திட்டம் என்றால் முதலிலிருந்து தொடங்குவதே மேல்.

சிறப்புக் கல்விக்கான மதிப்பீட்டைப் பள்ளி இழுத்தடித்தால், வாய்மொழியாகக் கேட்காமல் எழுத்தில் கொடுங்கள். கடிதம் கிடைத்த 20 நாட்களுக்குள் (பள்ளி விடுமுறைகளைக் கழித்து, கோடை விடுமுறை கணக்கில் சேரும்) மதிப்பீடு தேவையா என்று முடிவு செய்ய அவர்கள் கூட்டம் நடத்த வேண்டும்.

கேள்வி: பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. பேரனே மொழிபெயர்க்கலாமா?

பதில்: கூடாது. தன்னைப் பற்றிய குறையை அவனே பாட்டிக்குச் சொல்ல வேண்டிவரும், அல்லது பாதியை விழுங்கிவிடுவான். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கூட்டத் தேதி குறிக்கும்போதே கேளுங்கள். போன் வழியாகவும் ஏற்பாடு செய்யலாம்.