நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த ட்ரையத்லான் போட்டிகளை உலக அளவில் நடத்துவது யார்? அயர்ன்மேன்தான் தலைமை அமைப்பா?

இல்லை. அயர்ன்மேன், நீண்ட தூர ட்ரையத்லான் பந்தயங்களை நடத்தும் ஒரு தனியார் நிறுவனம். ஒலிம்பிக் வழியைக் கையில் வைத்திருப்பது வேர்ல்ட் ட்ரையத்லான். 1989-இல் தொடங்கிய சர்வதேசக் கூட்டமைப்பு, தலைமையகம் சுவிட்சர்லாந்தின் லொசானில். விதிகள், தரவரிசை, உலக சாம்பியன்ஷிப் தொடர் எல்லாம் அதன் பொறுப்பு.

வேர்ல்ட் ட்ரையத்லான் போட்டிகளுக்கு வீரர் தானாகப் பெயர் கொடுத்துவிட முடியாது. தேசிய சம்மேளனம்தான் அனுப்ப வேண்டும். சிறிய கோப்பைப் போட்டிகளில் புள்ளி சேர்த்து மேலே வர வேண்டும்.

ஒலிம்பிக்கில் 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். இங்கே முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டி, காற்றெதிர்ப்பைத் தவிர்த்து சைக்கிள் மிதிக்கலாம். அயர்ன்மேனில் அப்படிச் செய்தால் தண்டனை. ஒலிம்பிக் பாணியில் முன்னணிக் குழு சைக்கிளிலும் சேர்ந்தே வேகமாகப் போய்விடும் என்பதால், நீச்சலில் அந்தக் குழுவைத் தவறவிட்டால் பந்தயம் பெரும்பாலும் கைநழுவிவிடும். நீச்சலைக் குறைத்து மதிப்பிடாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.